“எல்லாம் கவர் ஆயிரும்க்கா!”

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

தங்கச்சிக்காக ஹெல்த் இன்சூரன்ஸ் தேட ஆரம்பிச்சதுல இருந்து எந்த ஏஜென்ட் கிட்ட பேசினாலும் இதே பதில்தான். “ஐவிஎஃப் ட்ரீட்மென்ட்டுக்குப் பணம் குடுப்பாங்களா தம்பி?”ன்னு கேட்டு முடிக்கல, “எல்லாம் கவர் ஆயிரும்க்கா!” எங்க எழுதியிருக்குன்னு கேட்டா வழவழன்னு ஒரு கலர் நோட்டீஸை நீட்டுறாங்க. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு. நான் கேட்ட கேள்விக்கு அதுல ஒரு வரி கூட இல்ல.

வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! அந்த வேகத்துல கம்பெனிங்களோட பாலிசி வாசகத்தை முழுசா டவுன்லோட் பண்ணி, பிரிண்ட் போட்டு, பென்சிலோட உக்காந்துட்டேன். அதுல கண்டதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். ஆனா வீட்டுல புதுசா கல்யாணம் ஆன பிள்ளைங்க யாரும் இருந்தா தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல நம்ம ஊர்க் கதை.

திருநெல்வேலி டவுண்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆயி மூணு மாசம் ஆகட்டும். வாகையடி முக்குல பாக்குறவங்க, கோயில்ல பாக்குறவங்க, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க, எல்லாருக்கும் ஒரே கேள்விதான். “விசேஷம் உண்டா?” ஆடிப்பூரம் வந்துட்டா காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்துற ஊரு இது. முளைக்கட்டு அன்னைக்கு முளைகட்டின பயறைப் பிரசாதமா வாங்க எத்தனை பொண்ணுங்க வந்து நிக்காங்க! பிள்ளை வரம் கேக்குறதை யாரும் ஒளிச்சுச் செய்யுறது கிடையாது. ஊரறிய நின்னு கேக்குறோம்.

ஆனா ட்ரீட்மென்ட்டுன்னு வந்துட்டா வாயை இறுக்க மூடிக்கிடுறோம். டாக்டரைப் பாக்கப் போறதையே “தலைவலிக்குப் போனேன்”னு சொல்றவங்க இருக்காங்க. அப்புறம் இன்சூரன்ஸைப் பத்தி யாருகிட்ட போயி கேப்பாங்க?

இந்த மூடி மறைக்கிற பழக்கத்துக்கு ஒரு விலை இருக்கு. குழந்தையின்மை சிகிச்சைக்குப் பணம் குடுக்குற பாலிசி இந்தியாவுல கொஞ்சம்தான். அப்பிடிக் குடுக்குற தனிநபர் பாலிசிங்க பெரும்பாலும் வாங்கின அன்னைக்கே குடுக்காது. ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு வெயிட்டிங் பீரியட் வச்சிருக்கும். அந்தக் கணக்கு பாலிசி வாங்கின நாள்ல இருந்துதான் ஓடும். நாம என்ன செய்யுறோம்? ரெண்டு வருஷம் கோயில், மூணாவது வருஷம் டாக்டர், நாலாவது வருஷம் ‘ஐவிஎஃப் பண்ணிரலாம்’னு அவங்க சொன்ன பிறகு பாலிசி தேடுறோம். என் தங்கச்சிக்கு நடந்ததும் இதேதான்.

கல்யாணச் செலவுல பத்திரிகைக்கும் பந்தலுக்கும் ஒதுக்குற மாதிரி பாலிசிக்கும் ஒதுக்கணும். நான் சொல்ல வந்தது இதுதாங்க. மத்ததெல்லாம் விளக்கம்.

சரி, பென்சில் வச்சுப் படிச்ச கதைக்கு வருவோம்.

பாலிசி வாசகத்துல ‘எதுக்கெல்லாம் பணம் கிடையாது’ன்னு ஒரு பட்டியல் இருக்கும். 2019ல ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிங்களை மேய்க்கிற அரசு ஆணையம்) இந்தப் பட்டியல்ல உள்ள முக்கியமான விலக்குகளை எல்லாம் ஒரே வாசகமா, ஒரே எண்ணா ஆக்கிருச்சு. எந்தக் கம்பெனி பாலிசியை எடுத்தாலும் 17ஆம் எண் விலக்கு ஒண்ணேதான். கருத்தடை, கருத்தரிப்புச் சிகிச்சை, ஐவிஎஃப், இக்சி, வாடகைத்தாய், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைத் திரும்ப மாத்துறது, எதுக்குமே பணம் கிடையாதுன்னு அது சொல்லுது. அடுத்த 18ஆம் எண் பிரசவம், கருச்சிதைவு. (ஒரு விஷயம் குறிச்சு வச்சுக்கிடுங்க. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாய்ல தங்கிருச்சுன்னா அது இந்த 18ல சேராது. அந்த ஆபரேஷனுக்குச் சாதாரண பாலிசியிலயே கேக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்துல இது தெரிஞ்சிருக்கிறது நல்லது.)

அதனால ஏஜென்ட் நீட்டுற நோட்டீஸை ஓரமா வச்சுட்டு நேரா 17க்குப் போங்க. அது அப்பிடியே நின்னு, வேற எங்கயும் கருத்தரிப்புச் சிகிச்சைக்குன்னு தனிப் பலன் எழுதலைன்னா கதை முடிஞ்சுது. ‘எல்லாம் கவர்’ல அது கிடையாது. நான் பிரிண்ட் போட்டதுல பாதிக்கு மேல இந்த ரகம்தான். சிலதுல மட்டும் இந்தச் சிகிச்சைக்குன்னு தனிப் பத்தி இருந்துச்சு. இன்னும் சிலதுல கூடுதல் பிரீமியம் கட்டிச் சேத்துக்கிடுற ரைடரா இருந்துச்சு.

‘மெட்டர்னிட்டி கவர் இருக்கு’ன்னு சொன்னா அதை நம்பி ஏமாந்துராதீங்க. பிரசவத்துக்குப் பணம் குடுக்குறது வேற, பிள்ளை தங்குறதுக்கு எடுக்குற ட்ரீட்மென்ட்டுக்குக் குடுக்குறது வேற. ஏஜென்ட்டுங்க பாதிப் பேரு இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. அவங்க மேல முழுப் பழியும் போட மாட்டேன். அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

தனிப் பத்தி இருந்தாலும் வேலை முடியல. என்னை ரொம்ப யோசிக்க வச்சது இந்த இடம்தான்.

ஹெல்த் இன்சூரன்ஸோட அடிப்படையே ஆஸ்பத்திரில படுக்குறது. 24 மணி நேரம் அட்மிட் ஆகணும், இல்லன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புற டே கேர் சிகிச்சையா இருக்கணும். இப்ப ஐவிஎஃப்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. மாதவிடாய் வந்த ரெண்டாம் நாள், மூணாம் நாள் போல ஊசி ஆரம்பிக்கும். பத்துப் பன்னெண்டு நாள் தினமும் ஊசி. அந்த ஊசிதான் ரொம்ப விலை. நடுநடுவுல முட்டை எவ்வளவு வளந்திருக்குன்னு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. அப்புறம் மயக்கம் குடுத்து முட்டையை வெளிய எடுக்குற எக் பிக்கப், சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். லேப்ல கரு மூணுல இருந்து அஞ்சு நாள் வளரும். அதை உள்ள வைக்கிறதுக்கும் படுக்கை தேவையில்ல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ரத்தப் பரிசோதனை, ஆமாவா இல்லையான்னு அதுலதான் தெரியும். மிச்சக் கருவை உறைய வச்சா அதுக்குத் தனியா வாடகை.

இதுல எங்கன இருக்கு 24 மணி நேரம்? எக் பிக்கப் மட்டும் டே கேர்ல வரும். மிச்சம் எல்லாம் வெளி நோயாளியா வந்து போற செலவு, மருந்துக்கடை பில்லு, ஸ்கேன் பில்லு. ‘ஆஸ்பத்திரில படுத்தாத்தான் பணம்’ங்கிற நிபந்தனை அந்தத் தனிப் பத்திக்கும் பொருந்தும்னா, செலவுல பெரும்பகுதி நம்ம தலையிலதான். நல்ல பாலிசில ‘இந்தப் பலனுக்கு உள்நோயாளியா சேரணும்னு கட்டாயம் இல்ல’ங்கிற பொருள்ல ஒரு வரி வெளிப்படையா இருக்கும். அந்த வரியைத் தேடுங்க. என் கண்ணுக்கு அது தட்டுப்பட்டப்போ எழுந்து நின்னு கை தட்டலாம் போல இருந்துச்சு.

அடுத்தது தொகை. அஞ்சு லட்சம், பத்து லட்சம் பாலிசின்னா ஐவிஎஃப்புக்கும் அவ்வளவு கிடைக்கும்னு நினைச்சுராதீங்க. இதுக்குன்னு தனி வரம்பு வச்சிருப்பாங்க. 50 ஆயிரம், 1 லட்சம், பெரிய பாலிசின்னா அதுக்கு மேல. சிலதுல அதுவும் வருஷா வருஷம் கிடையாது, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான். நம்ம பக்கம் ஒரு ரவுண்டு ஐவிஎஃப் ஒன்றரை லட்சத்துக்குக் குறைஞ்சு முடியுறது கஷ்டம். முதல் ரவுண்டுலயே எல்லாருக்கும் தங்குறதும் இல்ல.

அதனால ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. இந்த வசதிக்காக மட்டும் வருஷம் 8 ஆயிரம் கூடுதலா கட்டுறீங்கன்னு வச்சுக்கிடுவோம். வெயிட்டிங் பீரியட் மூணு வருஷம்னா 24 ஆயிரம். கிடைக்கிறது உச்சமா 1 லட்சம். தேவைப்பட்டா லாபம், தேவைப்படலைன்னா அந்தக் காசு போனது போனதுதான். வரம்பு 50 ஆயிரம்தான்னா நான் அந்த ரைடரை எடுக்கவே மாட்டேன். அந்த 8 ஆயிரத்தை பேங்க் ஆர்டில போட்டுருவேன்.

(2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துட்டாங்க. பழைய கொட்டேஷனை வச்சுக்கிட்டுக் கணக்குப் போடாதீங்க. புதுசு கேளுங்க.)

இன்னொண்ணு. சில பாலிசில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அதே பாலிசில, முறியாம தொடர்ந்து இருக்கணும்னு நிபந்தனை உண்டு. “அவளுக்கு மட்டும் எடுத்தாப் போதும்”னு சொல்ற ஆம்பளைங்களுக்காக இதைத் தனியா எழுதுறேன். பிரச்சினை பாதி இடங்கள்ல ஆம்பளை பக்கமும் இருக்கு. எல்லாத்துக்கும் முதல்ல செய்ய வேண்டிய, விலை குறைஞ்ச, வலியே இல்லாத சோதனை விந்துப் பரிசோதனை. அதுக்குப் போகாம பொண்டாட்டியை மட்டும் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அனுப்புற வீடுங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்கு. எனக்கு அதைப் பாக்கும்போது வயிறு எரியுது.

இப்ப மறைக்கிற விஷயம்.

விண்ணப்பத்துல ‘ஏற்கெனவே என்ன நோய், என்ன சிகிச்சை’ன்னு ஒரு பகுதி வரும். தங்கச்சிக்குத் தைராய்டு மாத்திரை ஓடுது, பிசிஓடி உண்டு, ரெண்டு தடவை ஐயூஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற சிகிச்சை) பண்ணியாச்சு. வந்த ஏஜென்ட் பையன் (எந்தக் கம்பெனின்னு சொல்லல) ரொம்ப சாதாரணமா, “அதெல்லாம் எழுத வேண்டாம்க்கா, பிரீமியம் ஏறும்”ங்கிறான். “எழுதலைன்னா நாளைக்கு நீயா வந்து பணம் கட்டுவ?”ன்னு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல.

எழுதிருங்க. எல்லாத்தையும் எழுதிருங்க. 2024 ஏப்ரல்ல வந்த புது விதிப்படி ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசத்துக்கு மேல காக்க வைக்க முடியாது. முன்னாடி அது 48 மாசம். மறைச்சிருந்தா அஞ்சு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் கண்டுபிடிச்சு கிளெய்மை மறுக்கலாம், பாலிசியையே ரத்து பண்ணலாம். தொடர்ந்து 60 மாசம் ஓடின பிறகு ‘நீ சொல்லல’ன்னு சொல்லி மறுக்க முடியாது. ஆனா மோசடின்னு நிரூபிச்சா அப்பவும் முடியும். பிள்ளைக்காக எடுக்குற பாலிசில பொய்யோட ஆரம்பிச்சு, பில்லு கட்டுற நேரத்துல பயந்துக்கிட்டு நிக்கணுமா?

இதோட ஒட்டின இன்னொரு சங்கதியும் உண்டு. ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ், சாக்லேட் கட்டி, ஆம்பளைங்களுக்கு விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம் (வெரிக்கோசீல்). இதெல்லாம் தன்னளவுல நோய். வலி இருக்கு, ரத்தப்போக்கு இருக்கு. இதுக்கான ஆபரேஷன் சாதாரண பாலிசியிலயே அதுக்குரிய வெயிட்டிங் பீரியட் முடிஞ்சதும் கிடைக்கணும். ஆனா டிஸ்சார்ஜ் சம்மரில ‘குழந்தையின்மைக்காக லேப்ராஸ்கோபி’ன்னு ஒரே வரில முடிச்சிருந்தா கம்பெனி 17ஆம் எண்ணைக் காட்டிரும். அதனால உங்களுக்கு உள்ள நோயும் அதோட தொந்தரவும் முழுசா, உள்ளது உள்ளபடி எழுதியிருக்கான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட கேட்டுப் படிச்சுப் பாருங்க. இல்லாததை எழுதச் சொல்லல. இருக்கிறதை விட்டுராம எழுதச் சொல்லுங்க.

இவ்வளவும் படிச்சு முடிச்சு நிமிந்தப்போ எனக்குப் பெரிய ஆத்தாமை ஒண்ணு வந்துச்சு. காசு கட்டி வாங்குறவங்களுக்கே இந்தப் பாடு. மேலப்பாளையத்துல, முக்கூடல்ல பீடி சுத்துற பொண்ணுக்கு என்ன வழி?

மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல கருத்தரிப்புச் சிகிச்சை விலக்குப் பட்டியல்லதான் இருக்கு. நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, இருதயம், கேன்சர்னு எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. அதை நம்பி ஐவிஎஃப்புக்குப் போக முடியாது. ஆனா மத்திய அரசு ஊழியரா இருந்தா? 2011லயே உத்தரவு போட்டாங்க, ஐவிஎஃப்புக்கு ஒரு ரவுண்டுக்கு 65 ஆயிரம் வரைக்கும், மூணு ரவுண்டு. அரசாங்கமே தன் ஊழியருக்கு இது மருத்துவத் தேவைதான்னு ஒத்துக்கிட்டு அத்தனை வருஷம் ஆச்சு. பீடி சுத்துறவளுக்கு மட்டும் அது எப்பிடி ஆடம்பரம் ஆச்சு?

2021ல வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டத்தையும் பாத்தேன். முட்டை தானம் செய்யுற பொண்ணுக்கு 12 மாசம் இன்சூரன்ஸ் எடுத்துக் குடுக்கணும்னு அதுல கட்டாயம். அதே வருஷம் வந்த வாடகைத்தாய் சட்டத்துல 36 மாசம். ரொம்ப நியாயம். ஆனா ஊசி போட்டுக்கிட்டு, மயக்கத்துல படுத்து, கடன் வாங்கிக் கட்டுற அந்தப் பொண்ணுக்கு? ஒரு வரி கூட இல்ல. ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குழந்தையின்மையைச் சந்திக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிருச்சு. இஸ்ரேல்ல 45 வயசு வரைக்கும் ரெண்டு குழந்தைக்கு அரசாங்கக் காப்பீட்டுலயே ஐவிஎஃப் செஞ்சு விடுறாங்க. 1990லயே சென்னையில டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவோட முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்க வச்சாங்க. அந்தத் திறமை நம்ம கையில வந்து இத்தனை வருஷம் ஆயிருச்சு. பணத்துக்குத்தான் இன்னும் வழி பிறக்கல.

நல்ல சேதி ஒண்ணும் உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரில 2024ல கருத்தரிப்பு மையம் திறந்திருக்காங்க. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியக்காலம் எழும்பூர். ஆனா ஸ்கேனுக்கும் ஊசிக்கும் வாரக்கணக்குல அங்கனயே தங்கணும். வேலைக்கு லீவு, ரூம் வாடகை, சாப்பாடு. இதை எந்தப் பாலிசியும் குடுக்காது. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரி தெக்கத்தி மருத்துவக் கல்லூரி ஒண்ணுல இது வரணும். மனு எழுதிப் போடணும்னு நினைச்சிருக்கேன்.

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். அவளுக்கு 33. ஏஎம்ஹெச் அளவு குறைய ஆரம்பிச்சிருக்கு, அதாவது முட்டைக் கையிருப்பு கரையுது. புது பாலிசி எடுத்தா 36 வயசுலதான் பணம் கேக்கலாம். நான் தெளிவா சொல்லிட்டேன், “இன்சூரன்ஸுக்காக ட்ரீட்மென்ட்டைத் தள்ளிப் போடாத. ஒரு லட்சத்துக்காக மூணு வருஷ வயசைக் குடுக்காத.” உங்க வீட்டுலயும் இதே நிலைமைன்னா இதேதான் சொல்வேன்.

அப்பதான் தங்கச்சி மாப்பிள்ளை வேலை பாக்குற ஆபீஸோட குரூப் பாலிசி ஞாபகம் வந்துச்சு. அவர் அதைத் திறந்தே பாத்ததில்ல. ஹெச்ஆர்ல கேட்டு வாங்கிப் படிச்சா, உள்ள கருத்தரிப்புச் சிகிச்சைக்கு ஒரு தனித் தொகை! குரூப் பாலிசிங்கிறதால வெயிட்டிங் பீரியடும் இல்ல. ஒரு ரவுண்டு செலவுல பாதிக்குக் கிட்ட வருது. நாங்க ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருந்தது அவர் மெயில் பெட்டியில இருந்திருக்கு! அன்னைக்கு ராத்திரி தங்கச்சி போன்ல சிரிச்ச சிரிப்பை ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டேன். உங்க வீட்டுல யாராவது கம்பெனி வேலையில இருந்தா முதல்ல அந்தக் குரூப் பாலிசியைத் திறங்க. பிறகுதான் வெளிய தேடணும்.

என் தம்பிக்குத் தை மாசம் கல்யாணம் ஆச்சு. அவனுக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் மறுவீட்டு விருந்து முடிஞ்ச கையோட குடும்ப பாலிசி எடுத்துட்டோம். “இப்பவே எதுக்கு அபசகுனமா?”ன்னு பெரியம்மை கேட்டாங்க. அந்தப் பிள்ளையே பதில் சொல்லிட்டா, “வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டா ஆக்சிடென்ட் ஆயிருமா அத்தை?”

பாலிசி கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும், பிடிக்கலைன்னா திருப்பிக் குடுக்கலாம். சின்னச் சின்னப் பிடித்தம் போக பணம் வந்துரும். அந்த 30 நாளை வீணாக்காதீங்க. வாடிக்கையாளர் தகவல் தாள்னு சில பக்கத்துல சுருக்கம் ஒண்ணு கம்பெனி குடுத்தே ஆகணும். தமிழ்ல வேணும்னு கேக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் படிச்சுட்டு கம்பெனிக்கே மெயில் போடுங்க. ஏஜென்ட் வாட்ஸ்அப்ல சொல்றது செல்லாது. “விலக்கு 17 ஐவிஎஃப்புக்கும் ஐயூஐக்கும் இந்தப் பாலிசில பொருந்துமா? எந்தத் தேதியில இருந்து நான் கிளெய்ம் கேக்கலாம்? அட்மிட் ஆகாம வாங்குற ஊசி, ஸ்கேன், கருவை உறைய வைக்கிற செலவு இதுல வருமா?” இவ்வளவுதான் கேக்கணும்.

நாளைக்கு மறுத்தாங்கன்னா அந்தப் பதில் மெயில்தான் உங்க ஆயுதம். முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலும், பதில் சரியில்லன்னாலும், சென்னை தேனாம்பேட்டையில இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் இருக்கு. காசு கட்ட வேண்டாம், வக்கீல் தேவையில்ல. ஆனா கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

தம்பி இப்பிடி அனுப்பின மெயிலுக்கு வந்த பதில்ல 17 பொருந்தாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, தேதியும் போட்டுட்டாங்க. ஊசி, ஸ்கேன் உண்டு. கருவை உறைய வைக்கிறது மட்டும் இல்லன்னு வந்திருக்கு. அதுக்காக ரெண்டு பேரும் இந்த மாசத்துல இருந்தே ஒரு சின்னச் சீட்டு போட ஆரம்பிச்சிருக்காங்க. தேவைப்படலைன்னா அந்தப் பணத்துல குளு மணாலி போவாங்களாம்.